தடுப்புக்கு இந்தப் பக்கம்

மில்ஹேவன் ரயில் அருங்காட்சியகத்துக்கு அந்தப் பெட்டி வந்து சேர்ந்தபோது அதன் தரையில் கணுக்கால் உயரத்துக்குக் கோழி எச்சம் கிடந்தது. கடைசியாக அதை வைத்திருந்த பண்ணைக்காரர் சக்கரங்களை விற்றுவிட்டு, உடம்பை மட்டும் கோழிக்கொட்டகையாக வைத்துக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் அது தண்டவாள வேலையாட்கள் படுத்துறங்கும் பெட்டி. அதற்கும் முன்னால், 1926-இல் தொடங்கி முப்பது வருஷம், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் தெற்குக் கிளைப் பாதைகளில் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. அதை மறுபடி ஓட வைக்க வேண்டும், ஏ.சி.யோடு ஓட வைக்க வேண்டும், பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது 1926-இலேயே நிற்க வேண்டும் என்பது அருங்காட்சியகத்தின் திட்டம். இந்தக் கதை நடந்தது 2005-இல்.

க்ளோவிஸ் டில்மன் அங்கே தச்சர். ஐம்பத்திரண்டு வயது, தனியாள், பட்டறையில் வேலை பார்த்தவர்களில் அவர் ஒருவர்தான் கறுப்பர். அவரோடு சேர்ந்து அந்தப் பெட்டியில் வேலை செய்தவன் டூயி ஸ்டாம்ப்ஸ் என்ற மின்பணியாளன். வெள்ளைக்காரன், வாய் ஓயாதவன். கோழி எச்சத்தை அள்ளிக்கொண்டிருந்த வாரம் முழுவதும் அவன் க்ளோவிஸை "முட்டை வியாபாரி" என்றுதான் கூப்பிட்டான். அள்ளி முடிந்ததும் வெள்ளை அங்கி போட்ட ஆட்கள் வந்து, பழைய நீராவிக் குழாய்களைச் சுற்றியிருந்த ஆஸ்பெஸ்டாஸைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி எடுத்துப் போனார்கள். அதன் பிறகுதான் க்ளோவிஸின் வேலை தொடங்கியது.

பழைய பெட்டியைப் புதுப்பிப்பவர்கள் முதலில் சுரண்டத்தான் செய்வார்கள். எந்தப் பெயிண்டுக்கு அடியில் எந்தப் பெயிண்ட் இருக்கிறது, எங்கே ஆணி இருந்தது, எங்கே குழாய் போயிற்று என்று சுரண்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தால், பெட்டி தன் கதையைத் தானே சொல்லிவிடும். அப்படிச் சுரண்டிக்கொண்டு போனபோது, பெட்டியின் நீளத்தில் முக்கால் பங்கு தாண்டியதும், தரையில் குறுக்காக ஒரு கோடு வந்தது. உள்ளங்கை அகலம். மற்ற இடமெல்லாம் கால் பட்டுத் தேய்ந்திருக்க, அந்தக் கோட்டில் மட்டும் மரம் புத்தம் புதிதாக இருந்தது. அதே கோடு கூரையிலும் இருந்தது. திருகாணித் துளைகளை யாரோ மக்கு வைத்து அடைத்திருந்தார்கள்.

டூயி வந்து எட்டிப் பார்த்தான். இது என்னவாக இருக்கும் என்று கேட்கவில்லை. ஜார்ஜியாவில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று முழுவதும் அவன் ஒரு வேடிக்கைப் பேச்சும் பேசவில்லை.

அருங்காட்சியகத்தின் இயக்குநர் பிரெஸ்டன் கிம்ப்ரோ முன்பு வரலாற்று ஆசிரியராக இருந்தவர். நல்ல மனிதர், யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். அவர் க்ளோவிஸைத் தன் அறைக்கு அழைத்து, காபி ஊற்றிக் கொடுத்து, மேஜை மேலிருந்த பேனாவைப் பலமுறை இடம் மாற்றி வைத்தார். பெட்டியை 1926-க்குத் திருப்புவதென்றால் அந்தக் கோட்டில் நின்றிருந்த தடுப்பும் திரும்பி வர வேண்டும் என்றார். வெள்ளையர் பக்கம், கறுப்பர்களை அன்று அழைத்த பெயரில் நிறத்தவர் பக்கம், நடுவில் கதவு. அதை உங்கள் கையால் கட்டச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, வேண்டாமென்றால் அட்லாண்டாவில் ஒரு ஒப்பந்தக்காரர் இருக்கிறார், உங்களுக்கு ஒரு மனத்தாங்கலும் வேண்டாம் என்றார்.

க்ளோவிஸ் தானே கட்டுவதாகச் சொன்னார். இவ்வளவு சீக்கிரம் அவர் ஒப்புக்கொண்டது கிம்ப்ரோவுக்கு ஆச்சரியம். அதற்குக் காரணம் க்ளோவிஸின் அக்கா வெர்டெல். அது கிம்ப்ரோவுக்குத் தெரியாது.

வெர்டெல் அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவள். அவர்கள் இருவருக்கும் நடுவில் லெஸ்டர் என்று ஒரு பையன் பிறந்திருந்தான். க்ளோவிஸ் பிறப்பதற்கு முன்பே, எட்டு மாதக் குழந்தையாக, ரயிலிலேயே இறந்துபோனான். 1949 ஆகஸ்ட் மாதம். கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனை சவானாவில்தான் இருந்தது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலுமாகக் கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா, இந்தப் பெட்டி ஓடிய கிளைப் பாதையில்தான், வண்டி ஏறினாள். கூட ஒன்பது வயது வெர்டெல். வழியில் சரக்கு வண்டிக்கு வழி விடுவதற்காக இவர்கள் வண்டியைப் பக்கத் தண்டவாளத்தில் ஒதுக்கி நிறுத்திவிட்டார்கள். வெயிலில் இரும்புப் பெட்டி அடுப்பாகக் கொதித்தது. நிறத்தவர் பக்கத்தில் இருந்தது ஒரு தகர வாளித் தண்ணீர். அது இரண்டாவது நிலையத்திலேயே காலி. தடுப்புக்கு அந்தப் பக்கம், செம்புத் தொட்டியில், குழாய் வைத்து ஐஸ் தண்ணீர் இருந்தது. அம்மா எழுந்து போய்த் தடுப்புக் கதவைத் தட்டினாள். கண்டக்டர் கதவைக் கொஞ்சமாகத் திறந்தான், கேட்டான், சாத்தினான். அம்மா மறுபடி தட்டினாள். வண்டி சவானா போய்ச் சேர்ந்தபோது வெர்டெலின் மடியில் இருந்த குழந்தை அசையவில்லை.

அம்மா அதைப் பற்றி அதன் பிறகு பேசியதே இல்லை. செத்துப் போகும்வரை பேசவில்லை. பார்த்தவள் என்று இன்றைக்கு உயிரோடிருப்பவள் வெர்டெல் ஒருத்திதான். அவளும் அதன்பின் ரயில் ஏறியதில்லை.

தரையில் கோடு தெரிந்த அன்று மாலை க்ளோவிஸ் அக்கா வீட்டுக்குப் போனார். அவள் அவரை உட்கார வைத்து, கொல்லார்டு கீரையும் சோள ரொட்டியும் போட்டு, தின்று முடித்த பிறகு, முதல் தடவையாக எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வாளி எந்த மூலையில் இருந்தது, பெஞ்சு எப்படிக் குத்தியது, கோட்டு மாட்டும் கொக்கி எத்தனை, வெள்ளைக்காரர்களின் பெட்டி படுக்கையையெல்லாம் நிறத்தவர் பக்கத்தில் எப்படி அடுக்கியிருந்தார்கள், கதவின் கைப்பிடி எந்த உயரம். க்ளோவிஸ் கேட்டுக்கொண்டே மனத்துக்குள் அளவெடுத்தார்.

"கட்டறதுன்னா இருந்த மாதிரி கட்டு, க்ளோ" என்றாள். "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அப்படிக் கட்டினேன்னா நான் வந்து ஏறிப் பார்க்கிறேன்."

"கட்டறேன்க்கா."

"இன்னொண்ணு. லெஸ்டர் பேரை அங்க எடுக்காதே. நம்ம வீட்டுச் சாவை அவங்க கண்காட்சியில வைக்க வேணாம்."

அதற்கும் க்ளோவிஸ் சரி என்றார். அந்த இரண்டு வாக்குகளில் இரண்டாவது, முதலாவதின் காலை வாரிவிடும் என்பது அப்போது அவருக்குத் தோன்றவில்லை.

தடுப்பு நன்றாக எழும்பியது. துளைகள் இருந்த இடத்திலேயே திருகாணிகள் ஏறின. அக்கா சொன்ன கொக்கிகளின் எண்ணிக்கையும் சுவரில் இருந்த தழும்புகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தன. அது க்ளோவிஸுக்கு ஒரு மாதிரி ஆறுதல். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஞாபகத்தில் பிசகு இல்லை. செம்புத் தொட்டி இருந்ததற்கான பள்ளமும் வடிகால் துளையும் வெள்ளையர் பக்கத்தில் தெளிவாகத் தெரிந்தன. இந்தப் பக்கத்தில் அங்குலம் அங்குலமாகத் தேடியும் ஒரு துளைகூட இல்லை. அதையும் குறித்து வைத்தார்.

இதற்கிடையில் டூயி தரைக்கு அடியில் மின்கம்பிகளையும், கூரைக்கு மேல் ஏ.சி. குழாய்களையும் இழுத்துக்கொண்டிருந்தான். பழைய கழிப்பறை நேராகத் தண்டவாளத்தில் கொட்டும். இப்போது அதற்குக் கீழே தொட்டி வைக்க வேண்டும். சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி கதவை அகலப்படுத்த வேண்டும். இதையெல்லாம் பழைய மரத்துக்குப் பின்னால் ஒளித்து வைப்பதுதான் அந்தத் தொழிலின் சாமர்த்தியம். "வெளியில நம்ம தாத்தா, உள்ளே நம்ம பேரன்" என்பான் டூயி.

பிப்ரவரியில் மாற்றிய வரைபடம் வந்தது. நிறத்தவர் பக்கத்தில் மெத்தை வைத்த இருக்கைகள். தடுப்பை ஒட்டி, அந்தப் பக்கம் இருப்பது போலவே மஹாகனி மாடம், அதற்குள் செம்புத் தொட்டி, குழாய், காகிதக் குவளை செருகும் இடம்.

க்ளோவிஸ் நிர்வாகக் குழுவின் கூட்டத்துக்குப் போனார். தரையின் புகைப்படங்களைக் காட்டினார். இந்தப் பக்கம் தண்ணீர் இருந்ததில்லை, மரமே சொல்கிறது என்றார். வேண்டுமானால் இந்தப் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்க வேண்டாம், வெறுமனே பார்வைக்கு விடுங்கள் என்றார். இருக்கைகள் குறைந்தால் வண்டி கட்டுப்படியாகாது என்றார்கள். குழுவில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்மணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, மரப்பெஞ்சில் நம் பிள்ளைகள் உட்கார்ந்ததெல்லாம் போதும், மெத்தை போடட்டும் என்றார். அவர் முகத்தைப் பார்த்து க்ளோவிஸால் மறுத்துப் பேச முடியவில்லை. கடைசியாகக் கிம்ப்ரோ தன் மெல்லிய குரலில் பேசினார்.

"க்ளோவிஸ், நீங்க சொல்றது சரிதான். நான் மறுக்கலை. ஆனா நான் இந்த வண்டிக்கு டிக்கெட் விக்கப்போறேன். ஜூலை மாசம் ஒரு அம்மா கைக்குழந்தையோட ஏறி, அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துட்டாங்கன்னு வைங்க. இந்தப் பக்கம் உங்களுக்குத் தண்ணி கிடையாதும்மான்னு யார் சொல்றது? நான் சொல்லட்டுமா? நீங்க சொல்வீங்களா?"

க்ளோவிஸின் தொண்டைக்குள் லெஸ்டர் என்ற பெயர் வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் அந்த அறையில் எல்லாமே மாறியிருக்கலாம். மாறாமலும் போயிருக்கலாம். அவர் சொல்லவில்லை. கதவருகே உண்மையை விளக்கி ஒரு தகடு வைப்பதாகக் கிம்ப்ரோ ஒப்புக்கொண்டார். அத்தோடு கூட்டம் கலைந்தது.

வேலையை விட்டுவிடலாம் என்று அவர் நினைக்காமல் இல்லை. விட்டால் அட்லாண்டாக்காரன் வருவான், ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தோலை ஒட்டி அந்த மாடத்தைச் செய்துவிட்டுப் போவான், தான் எழுப்பிய தடுப்புக்குப் பக்கத்திலேயே அது பல்லிளித்துக்கொண்டு நிற்கும். எப்படியும் அது வரத்தான் போகிறது, வருவது ஒழுங்காக வரட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது நியாயமா, வெறும் தொழில் கர்வமா என்று அவருக்கே நிச்சயமில்லை. அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று ஞாயிறுதோறும் நினைத்தார், ஞாயிறுதோறும் தள்ளிப்போட்டார். ஐம்பத்தாறு வருஷமாக ரயில் ஏறாதவள், சொன்னாலும் எங்கே வரப்போகிறாள்.

மார்ச் மாதம் மாடத்தைச் செய்தார். முகப்புக்கு இடிந்துபோன ஒரு தேவாலயத்தின் பெஞ்சிலிருந்து பழைய மஹாகனி கிடைத்தது. உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு, புது பைன் மரம் போதும். புது மரமும் பழைய மரமும் சேருகிற இடத்தில் கண் இடறக் கூடாது என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். புதியதை "பழக்கிவிட" வேண்டும். வெளியே தெரிகிற விளிம்புகளில் மட்டும், வினிகரில் இரும்புத்தூளை ஊறவைத்துத் தடவி நிறத்தை இறக்கினார். அதன் மேல் தேநீர். அதன் மேல் மெல்லிய வார்னிஷ். குழாய்க்கு நேரே முகப்பின் விளிம்பைக் கை பட்டுப் பட்டுத் தேய்ந்ததுபோல உப்புத்தாளால் மழுக்கினார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் மேலே அவ்வளவு தேய்ந்திருக்க, கீழே தரை மட்டும் தட்டையாக இருப்பது அவர் கண்ணை உறுத்தியது. முப்பது வருஷம் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்று குடித்த இடத்தில் தரை எப்படி இருக்கும்? மண்டியிட்டு உட்கார்ந்து, வளைந்த சுரண்டியை வைத்து, இரண்டு பாதம் கொள்ளும் அளவுக்கு ஒரு மெல்லிய குழிவை இறக்கினார். அதைச் செய்யும்போது அவர் மனத்தில் யாரும் இல்லை, எதுவும் இல்லை. மரம் மட்டும்தான் இருந்தது. அவருடைய வாழ்நாளில் செய்த மிக நல்ல வேலை அதுதான்.

டூயி வந்து பார்த்துவிட்டுக் குனிந்து குழிவைத் தடவினான். "அடப்பாவி, இதுல நானே தண்ணி குடிச்சிருக்கேன்னு சத்தியம் பண்ணுவேன் போலிருக்கே" என்றான்.

முதல் ஓட்டம் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை. பெட்டிக்கு ஒரு பட்டறை ஆள் கூடவே வர வேண்டும் என்பதால் க்ளோவிஸுக்குப் புதுச் சட்டையும் தொப்பியும் கொடுத்து நிறத்தவர் பக்கத்துக் கதவில் நிறுத்தியிருந்தார்கள். கிம்ப்ரோ வைத்த தகடு கதவருகே பளபளத்தது. அக்காலச் சட்டப்படி இப்பகுதி நிறத்தவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்ற ஒரு வரிதான் அதில் இருந்தது. மற்றதெல்லாம் அடுத்த பதிப்பில் சேர்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நடைமேடையில் தேவாலயத்துப் பெண்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். எல்லோர் தலையிலும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி. நிறத்தவர் பக்கத்து இருக்கைகளைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ஊதா நிறத் தொப்பியோடு, வெர்டெல்.

க்ளோவிஸ் கதவை விட்டு இறங்கி அவளிடம் போனார். அவள் அவருடைய புதுச் சட்டையின் கழுத்தைச் சரிசெய்துவிட்டு, வாக்குக் கொடுத்தேனே, வந்துட்டேன் பார் என்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள்.

கூட்டம் நெருக்கியதில் அவரால் அவளோடு உள்ளே போக முடியவில்லை. கதவைச் சாத்தி, விசில் கேட்டு, வண்டி நகர்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வெர்டெல் உட்காரவில்லை. கொக்கிகளை விரலால் தொட்டு எண்ணிக்கொண்டு போனாள். தடுப்பின் பலகைகளைத் தடவினாள். கதவின் கைப்பிடி உயரத்தைத் தன் தோளோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். பிறகு ஒதுங்கி வழிவிட்டாள், ஏனென்றால் அவளுக்குப் பின்னால் ஒரு பெண் காகிதக் குவளையோடு நின்றிருந்தாள்.

அந்தப் பெண் தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, எவ்வளவு ஜில்லென்று இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போனாள். வெர்டெல் மாடத்தைப் பார்த்தபடி நின்றாள். தேய்ந்த விளிம்பில் கை வைத்தாள். குனிந்து கீழே பார்த்தாள். வலது காலை எடுத்து அந்தக் குழிவுக்குள் வைத்தாள், பிறகு இடது கால். இரண்டும் சரியாகப் பொருந்தின.

க்ளோவிஸ் ஆட்களை விலக்கிக்கொண்டு அவளிடம் போய்ச் சேர்ந்தார்.

"இங்க எத்தனை பேர் நின்னு குடிச்சிருக்காங்க பாரு, க்ளோ" என்றாள். அவள் குரல் அவளுடையதாக இல்லை. "தரையே தேஞ்சிருக்கு."

"அக்கா, வா, உட்காரு. நான் சொல்றேன்."

"எனக்கு ஒம்பது வயசு. ஒம்பது வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்? நான் லெஸ்டர் முகத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். இது என் முதுகுப் பக்கமா இருந்திருக்கு."

"இல்லக்கா."

"அம்மாவுக்கு அவ்வளவு பயம். யாராச்சும் ஏதாச்சும் சொல்லிடுவாங்கன்னு, உட்கார்ந்த எடத்தை விட்டு எந்திரிக்கவே மாட்டா. எந்திரிச்சு வந்து பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். அவ கதவைத் தட்டினான்னு நானேதான் சொல்லிச் சொல்லி நெசமாக்கிட்டேனோ என்னமோ. அந்தக் கண்டக்டரை ஆயுசு பூரா சபிச்சுக்கிட்டிருந்தேனே."

"இதை நான் செஞ்சேன்க்கா. மார்ச் மாசம் செஞ்சேன். இங்க தண்ணி இருந்ததே இல்ல."

வெர்டெல் அவரைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. கையை நீட்டி அவர் கன்னத்தில் தட்டினாள்.

"சின்னப் பிள்ளையிலேருந்தே நீ இப்படித்தான். நான் அழுதா ஏதாச்சும் கதை கட்டி விடுவே."

"கதை இல்லக்கா. சத்தியமா நான்தான்."

"மாடத்தைச் செஞ்சேன்னு சொல்லு, கேக்கிறேன். தரையில காலடியை யாருப்பா செய்வா? எந்தப் பைத்தியக்காரன் செய்வான்? விடு. வயசாயிடுச்சு எனக்கு. இனிமே தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. பாவம் அம்மா, எழுந்து ரெண்டடி வச்சிருந்தா போதும்."

அவள் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்திலிருந்த பெண் ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். அவள் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

க்ளோவிஸ் சட்டைப் பையிலிருந்து தட்டை முனைத் திருப்புளியை எடுத்தார். மாடத்தின் திருகாணிகளையெல்லாம் மர முளைகளால் அவரே மூடியிருந்தார். அவற்றைத் தேடிக் கழற்ற வழியில்லை. முகப்புப் பலகையின் இடுக்கில் முனையைச் செருகி நெம்பினார். பலகை வரவில்லை. அவர் போட்ட பசை அப்படி. இரண்டு கையாலும் அழுத்தியபோது மஹாகனி நார் வாக்கில் வெடித்தது. அந்தச் சத்தத்தில் பெட்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். யாரோ ஒரு பெண், என்னப்பா பண்றே என்று எழுந்தாள். அவர் காதில் வாங்காமல் பாதிப் பலகையைப் பிய்த்துக் கீழே போட்டார்.

உள்ளே புது பைன் மரம் வெண்ணெய் நிறத்தில் இருந்தது. ரம்பம் ஓடிய தடம்கூட மங்கவில்லை. அதன் நடுவே தொட்டிக்கு நீல நிறப் பிளாஸ்டிக் குழாய் ஒன்று ஏறிப்போனது. பக்கத்தில் டூயி இழுத்த மின்கம்பி, பிளாஸ்டிக் பட்டியால் ஒழுங்காகக் கட்டியிருந்தது.

வெர்டெல் எழுந்து வந்தாள். உடைந்த இடத்துக்குள் விரலை விட்டுப் பிளாஸ்டிக் குழாயைத் தொட்டாள். பைன் மரத்தை நகத்தால் கீறிப் பார்த்தாள். நகம் பட்டதும் பிசின் வாசனை வந்தது.

"அப்போ அம்மா தட்டினா" என்றாள்.

"தட்டினா."

"நான் பார்த்தேன்."

"நீ பார்த்தேக்கா. நீ சொன்ன ஒவ்வொண்ணும் இந்தப் பெட்டியில அப்படியே இருந்துச்சு."

அவள் மூச்சு மெல்ல மெல்ல அடங்கியது. முகம் தெளிந்தது. க்ளோவிஸுக்கும் ஒரு கணம் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது போலிருந்தது. அப்போது அவள் குனிந்து மறுபடியும் தரையைப் பார்த்தாள்.

"இதையும் நீதான் குழிச்சியா?"

"ஆமா."

"யாரு குழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலக்கா."

அவள் இருக்கைக்குத் திரும்பிப் போய் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். தடுப்புக் கதவு திறந்து கிம்ப்ரோ வந்தார், அவர் பின்னால் வெள்ளையர் பக்கத்துப் பயணிகள் சிலர் எட்டிப் பார்த்தார்கள். அவர் உடைந்த மாடத்தைப் பார்த்தார், க்ளோவிஸின் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். காரணம் கேட்டார். க்ளோவிஸ் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது வாக்கு இன்னும் பாக்கி இருந்தது. இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது, உங்களுக்கே தெரியும் என்று கிம்ப்ரோ வருத்தத்தோடு சொன்னார். அன்று மாலை க்ளோவிஸ் பட்டறைச் சாவியைக் கொடுத்துவிட்டுத் தன் உளிகளை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அதற்கு முன்னால், வண்டி திரும்பி வந்ததும், அவர் முதலில் இறங்கி நடைமேடையில் அக்காவுக்காகக் காத்திருந்தார். காரில் வீட்டுக்குக் கொண்டு விடுவதாகச் சொன்னார். அவள் தேவாலயத்து வேனிலேயே போவதாகச் சொன்னாள்.

"கோவமாக்கா?"

"கோவமில்லப்பா. இன்னிக்கு உன் கையை என்னால பார்க்க முடியாது."

ஜூலை முழுவதும் அவர் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, தேவாலயத்துக்கு வருகிறாள் என்று மற்றவர்கள் மூலம் தெரிந்துகொண்டார். ஒருநாள் டூயி கூப்பிட்டான். அட்லாண்டாக்காரன் வந்து மாடத்தின் உடைந்த முகப்பை அடைத்துவிட்டுப் போனானாம். ஒட்டுப்பலகை, மேலே ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பூசியிருக்கிறான், பூசணிக்காய் மாதிரி இருக்கிறது, நீ பார்த்தால் வாந்தி எடுப்பாய் என்றான். தரையில் இருந்த குழிவில் யாராவது தடுக்கி விழுவார்கள் என்று அதையும் மக்கு வைத்து நிரப்பிவிட்டார்களாம். தண்ணீர் வருகிறதா என்று க்ளோவிஸ் கேட்டார். நன்றாக வருகிறது, பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள் என்றான் டூயி.

ஆகஸ்டில் வெர்டெல் ஒருமுறை போனை எடுத்தாள். லெஸ்டர் இறந்த மாதம் என்று இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. அவள் வெயிலைப் பற்றிப் பேசினாள். பிறகு அந்தப் பெட்டியை என்ன செய்தார்கள் என்று கேட்டாள். டூயி சொன்னதை அவர் சொன்னார்.

"பார்த்தா புதுசுன்னு தெரியுதாமா?"

"தெரியுதாம்க்கா. நிறமே ஒட்டலையாம். கண்ணிருக்கிற யாருக்கும் தெரியுமாம்."

"சரி. அப்படியே இருக்கட்டும்" என்றாள் வெர்டெல். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா என்று எப்போதும் சொல்லி முடிப்பவள், அன்று அதைச் சொல்லாமல் போனை வைத்தாள்.